கடைசியில் நடப்பவர்

"திரும்பிப் பாக்காத. மறுபடியும் குனிஞ்சு என்னமோ தேடுறாரு," என்று கிசுகிசுத்தாள் சுசித்ரா.

"பாவம், இங்க பத்துன தீயில அவரு வீட்டம்மா போயிருச்சாம்," என்றான் அவளோடு மலையேற வந்திருந்த விஜயகுமார். "ஜீப்புல பேசிக்கிட்டாங்க. வருஷா வருஷம் மாசியில வந்துருவாராம்."

பத்தடி பின்னால் வந்த ராஜாராமின் காதில் அது விழுந்தது. அவர் மறுக்கவில்லை. விஜயகுமார் போட்டுவிட்டுப் போன மிட்டாய்த் தாளை எடுத்துத் தோளில் தொங்கிய சாக்குப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

அவர் மனைவி இந்நேரம் தேனியில் அவர்களுடைய மருந்துக்கடையில் இருப்பாள். தீயில் போனது பொற்கொடி, முன்னால் நடக்கும் வழிகாட்டி ஜக்கையனின் மனைவி. அவனிடம் சொல்லவேண்டிய ஒன்று ஆறு வருடமாக ராஜாராமின் தொண்டையில் நின்றது. இந்த முறை மலை இறங்குவதற்குள் சொல்லிவிடுவதாகக் குலசாமிக்குச் சத்தியம் செய்துவிட்டு வந்திருந்தார்.

முந்தலிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் பழைய பாதை அது. பாதி மலையில், ஒற்றைக் கல்லாக நின்ற சாமிக்கு முன்னால் எல்லோரும் உட்கார்ந்தார்கள். விஜயகுமார் பையிலிருந்து சின்ன அடுப்பையும் லைட்டரையும் எடுத்தான்.

"கொண்டாங்க அத," என்று கை நீட்டினான் ஜக்கையன். "அடிவாரத்துலயே கேட்டேன், இல்லைன்னீங்க."

"ரெண்டு நிமிஷம்ண்ணே. நூடுல்ஸுதான்."

"சாமிக்கே இங்க சூடம் காட்டுறதில்ல தம்பி. சாமிய விடப் பசியா உங்களுக்கு?"

சுசித்ரா சிரித்துவிட்டாள். விஜயகுமார் முகம் சிவந்து லைட்டரைக் கொடுத்தான். "நீங்க மட்டும் பீடி சிகரெட்டு பிடிக்காதவராண்ணே?"

"ஒரு நாளைக்கு ரெண்டு கட்டு பீடி இழுத்த ஆளுதான். இப்ப இல்ல," என்று சொல்லி, ஜக்கையன் கல்லின்மேல் ஒரு கை தண்ணீரை ஊற்றிக் கும்பிட்டான்.

அதற்கு மேலே தைலப்புல் சரிவு. ஆளுயரத்துக்குக் காய்ந்து நின்ற புல்லில் காற்று நுழைந்தால், யாரோ வளையல் கையால் விலக்கிக்கொண்டு வருவது போலிருக்கும். வளைவு வந்ததும் ராஜாராமின் கால்கள் நின்றன. ஒவ்வொரு வருடமும் இங்கேதான் பொற்கொடியின் குரல் கேட்கும்.

'வெரசா வாங்க. ஓடைக்கு வாங்க.'

தீப்பிடித்த அன்றைக்கு ராஜாராமோடு ஆறு பேர் மலையேறினார்கள். ஜக்கையன் கடைசியில் வந்தான். இந்த வளைவைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போவதற்குள் பின்னால் புகை எழுந்தது. ஏலத்தோட்டத்திலிருந்து புருஷனுக்குச் சோறு கொண்டுவந்த பொற்கொடிதான் அவர்களை அதட்டி, இழுத்து, ஓடையில் இறக்கினாள். பிறகு, பின்னால் வந்த புருஷனைத் தேடிப் புகைக்குள் போனாள். அவன் வேறு பக்கமாக இறங்கித் தப்பியிருந்தது அவளுக்குத் தெரியாது.

புல் மறுபடி சரசரத்தது. ராஜாராம் கண்களை மூடிக்கொண்டார்.

"அங்கிள், தண்ணி குடிங்க."

சுசித்ரா எதிரே நின்றாள். அவர் குடித்து முடிக்கும் வரை காத்திருந்து, அவர் தோளிலிருந்த சாக்குப்பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். "கொஞ்ச தூரம் நான் தூக்குறேன். நீங்க சும்மா வாங்க." பாரம் இறங்கிய தோளோடு அவர் அவள் பின்னால் நடந்தார். இனி சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

ஓடைக்கரையில் சுசித்ராவும் விஜயகுமாரும் தள்ளி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வருடா வருடம் போல ஜக்கையன் ராஜாராமுக்கென்று தனியாகக் கட்டிவந்த புளிச்சோற்றை எடுத்தான்.

"அவ காப்பாத்துனத மறக்காம வர்றீங்க. அதுக்கு என்னால முடிஞ்சது இதுதாண்ணே," என்று பொட்டலத்தைப் பிரித்தான்.

"வேணாம் ஜக்கையா. உன் கையால திங்க எனக்கு அருகதையில்ல." ராஜாராமின் குரல் உடைந்தது. "அன்னைக்கு அந்த வளைவுல சிகரெட்ட அணைக்காமப் போட்டுட்டுப் போனேன். உன் பொண்டாட்டியக் கொன்னவன் நான்தான்."

ஜக்கையனின் கை இலையின்மேல் நின்றது. அடி விழட்டும் என்பதுபோல் ராஜாராம் தலையைக் குனிந்துகொண்டார்.

"நீங்க போட்டது தெரியும்ண்ணே. பின்னாடி வந்த நான் பாத்தேன்."

"தெரிஞ்சேவா ஆறு வருஷமாச் சோறு போட்ட?"

"அத அப்பவே மிதிச்சு, மண்ணத் தள்ளி, தண்ணியும் ஊத்திட்டேன். அதுலருந்து ஒரு பொறி கூடக் கிளம்பல. இத மனசுல வச்சுக்கிட்டா இத்தன வருஷம் வந்தீங்க? ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?"

ராஜாராம் நிமிர்ந்தார். ஆறு வருடத்தில் முதல் தடவையாக மூச்சு நெஞ்சு நிறைய வந்தது. ஜக்கையனின் முகத்தைப் பார்த்ததும் அது பாதியிலேயே நின்றது.

"அப்ப எதுதான்யா பத்துச்சு?"

ஜக்கையன் சரிவின் பக்கம் திரும்பவில்லை. சோற்று இலையை அவர் முன்னால் மெல்ல நகர்த்தி வைத்தான்.

"அணைச்சுட்டு, அங்கனயே உக்காந்து ஒரு பீடி பத்த வச்சேண்ணே."