முந்நூறு பேருக்கு ஜீவனாம்சம்

2061-இல் ஜீவனாம்சம் பணமல்ல. பிரிந்துபோன தகப்பன் தினம் ஒருவேளை பிள்ளைக்குத் தன் கையால் சமைத்து அனுப்ப வேண்டும். மகன் பரிதி சிறுவர் சிறைக்குப் போன அன்றே விசுவநாதன் கரண்டியைத் தூக்கிப் பரணில் போட்டார்.

"அவனுக்குத்தான் அரசாங்கமே சோறு போடுதே!"

"அவன் பசி அவனோடவே போயிருக்கு," என்றது நீதிமன்ற இயந்திரம். "உள்ளே தனிச்சாப்பாடு கூடாது. முந்நூறு பேருக்கும் சேர்த்து அங்கேயே சமையுங்க."

யானை குளிக்கிற அண்டாவோடு ஆறு மாதம் மல்லுக்கட்டினார். சமையல்கட்டு வேலைக்கு அனுப்பப்பட்ட பரிதி முதலில் முகம் கொடுக்கவில்லை. பிறகு வெங்காயம் உரித்தான். அப்புறம் உப்பும் பார்த்தான்.

விடுதலையன்று பையோடு வந்து நின்றான். "உங்களுக்கும் விடுதலைதான்பா. வாங்க, போலாம்."

"இருடா, ரசம் இன்னும் நுரை கட்டலை. முந்நூறு பேர் தட்டோட உட்கார்ந்திருக்காங்க."

பரிதி பையை இறக்கிவைத்துவிட்டுக் கொத்தமல்லியைக் கிள்ள ஆரம்பித்தான்.