சாத்துக்குடிப் பை

எலும்பு முறிவு வார்டில் கட்டிலுக்குக் கட்டில் சாத்துக்குடிப் பை தொங்கியது. நடைபாதைக்கு இந்தப் பக்கம், போதைப் பழக்கத்தை விட்டொழிக்க வந்தவர்களின் வார்டில், ஒரு கட்டிலிலும் இல்லை. இங்கே வருகிறவர்கள் வெறுங்கையோடு வந்து வாய் நிறையப் புத்தி சொல்லிவிட்டுப் போனார்கள். பதினொரு நாளாகப் புருஷனின் கால்மாட்டில் உட்கார்ந்து திலகவதி அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அண்ணன் வேலுச்சாமி புத்தி சொல்லக்கூட வரவில்லை. "டாக்டரு வியாதிங்கிறாருண்ணே" என்று அவள் போனில் சொன்னபோது, "அவனாத் தேடிப் போயி போதை மாத்திரைய முழுங்குவானாம், அது வியாதியாம்! கொழுப்பு" என்று வைத்துவிட்டார்.

பன்னிரண்டாம் நாள் மாலை அவரே வாசலில் நின்றார். கையில் ஒரு பை. உள்ளே ஆறு சாத்துக்குடி, ஒரு ரொட்டி பாக்கெட். கிட்டே வந்தவருக்கு என்ன விசாரிப்பதென்று தெரியவில்லை. மாப்பிள்ளை உடம்பில் கட்டு இல்லை, தையல் இல்லை. கடைசியில் குனிந்து அவன் கழுத்தில் புறங்கையை வைத்தார். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். கை வெகுநேரம் அங்கேயே இருந்தது.

"உடம்பு சுடுதே பாப்பா."

காலையில்தான் நர்ஸ் பார்த்துவிட்டு, காய்ச்சல் இல்லை என்று எழுதிப் போயிருந்தாள்.

"ஆமாண்ணே, லேசா சுடுது" என்றாள் திலகவதி. பையை வாங்கி, நடைபாதையில் போகிறவர்கள் கண்ணில் படும்படி கட்டில் கம்பியில் மாட்டினாள்.