முப்பத்துநாலு, அறுபத்தொண்ணு, நாற்பத்தெட்டு

"மறுபடியும் நின்னு போச்சா? ஏன் சார், கம்ப்யூட்டரைச் சரி பண்ண வந்தீங்களா, என் உயிரை வாங்க வந்தீங்களா?"

கோடு மேடம் போட்ட சத்தத்தில் நான்கு மேஜைகளில் வேலை நின்றது. கட்டட வரைபடம் போடும் அலுவலகம் அது. நாள் முழுக்கக் கோடு இழுப்பதால் அவருக்கு அந்தப் பெயர்.

அலுவலகக் கம்ப்யூட்டர்களைக் கவனிக்கும் சிஸ்டம் சார் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் புதிதாக ஏற்றியபோது முதல் முறை முப்பத்துநாலு சதவீதத்தில் நின்றது. அடுத்து அறுபத்தொண்ணு. இப்போது நாற்பத்தெட்டில், பிழை காட்டும் நீலத்திரை.

"பென்டிரைவ் மாத்தியாச்சு, டிஸ்க்கும் மாத்தியாச்சு மேடம். ஒரே இடத்துல நின்னா பரவாயில்லை. இது இஷ்டத்துக்கு நிக்குது."

"இந்தக் கதையெல்லாம் எனக்கு வேணாம். திங்கக்கிழமையிலேருந்து தானா அணையுது. அஞ்சு மணிக்கு வரைபடம் போகணும். போகலைன்னா யாரு தலை உருளும், உங்க தலையா?"

"ஆமா, அவர் தலைதான்" என்றபடி மேனேஜர் தன் அறையிலிருந்து வந்தார். கையில் சிஸ்டம் சாரின் அடுத்த வருட ஒப்பந்தக் காகிதம். "இன்னிக்கு இதுல கையெழுத்துப் போடணும். போடவா, வேணாமான்னு இந்தக் கம்ப்யூட்டர் சொல்லட்டும்."

சிஸ்டம் சார் ஸ்க்ரூடிரைவரை எடுத்தார்.

"அதை எதுக்குத் திறக்கறீங்க? ஏத்தத் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க!" என்றார் கோடு மேடம்.

பக்கவாட்டுத் தகடு கழன்றது. உள்ளேயிருந்து ரேம் எனப்படும் மெமரி கார்டை உருவி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அதன் ஓரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்ன?" என்றார் மேனேஜர்.

"கார்டு பழுது. இது இந்த மெஷினோட கார்டு இல்லை."

"பின்னே?"

"நல்லதைக் கழட்டிட்டுப் பழசைச் சொருகற ஆளுங்களுக்கா பஞ்சம்?" என்று கோடு மேடம் முந்திக்கொண்டார். "இந்தப் பெட்டியைத் திறக்கத் தெரிஞ்சவர் இங்க ஒருத்தர்தானே!"

சிஸ்டம் சார் கார்டை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார்.

"என் தப்புதான் சார். போன தடவை சுத்தம் பண்ணும்போது கார்டு மாறிப்போச்சு."

"பத்து வருஷ சர்வீஸ்! வெக்கமா இல்லை?" என்றார் மேனேஜர்.

ஒப்பந்தம் இரண்டாகக் கிழிந்தது. மேனேஜர் அறைக்கதவு படீரென்று சாத்திக்கொண்டது.

சிஸ்டம் சார் தன் பையிலிருந்து வேறு கார்டை எடுத்துப் போட்டார். முப்பத்துநாலு தாண்டியது. அறுபத்தொண்ணு தாண்டியது. நூறு.

"இதைக் காலையிலேயே செஞ்சிருக்கலாம்ல?" என்று கோடு மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

சிஸ்டம் சார் பழுதான கார்டை அவர் விசைப்பலகை மேல் வைத்தார். குரல் அவருக்கு மட்டும் கேட்டது.

"போன வருஷம் உங்க வீட்டுக்கு வந்து, உங்க பொண்ணு கம்ப்யூட்டர்ல நான் போட்ட கார்டு. ஓரத்துல தேதி எழுதியிருக்கேன், என் கையெழுத்துதான்."

கோடு மேடத்தின் கை மவுஸிலிருந்து நழுவியது.

"அவளுக்கு... வீட்டுலேருந்தே பரீட்சை சார். அது நின்னு நின்னு போச்சு. ரெண்டும் ஒரே மாதிரிதான் இருந்துச்சு, இங்க எப்படியும் ஓடிடும்னு நான்தான் மாத்திட்டேன்..." மேனேஜர் அறையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "உள்ள போய்... சொல்லிடுவீங்களா?"

காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த கோபம் சிஸ்டம் சாரிடமிருந்து இப்போதுதான் வெளியே வந்தது.

"அறிவிருக்கா உங்களுக்கு? ஒரே நாள்ல ஒரு ஆபீஸ்லேருந்து ஒருத்தர் வெளிய போறது போதாதா?"