டெய்லர் அண்ணனைக் காணோமே!

“இந்த வயசுல சூதாட்டம் தேவையாம்மா?”

மகன் வெடுக்கென்று கேட்டதும், அம்மா செல்போனைத் தலையணைக்கடியில் தள்ளினாள். ஆபீஸிலிருந்து வந்ததும் தன் அறைக்குள் புகுந்துகொள்கிறவன், அன்று சார்ஜர் தேடி அவள் அறைக்கு வந்திருந்தான்.

போக்கர் என்கிற சீட்டாட்டம் அப்பாவின் பைத்தியம். தையல் கடையைப் பூட்டிவிட்டு வந்தால், உலகத்துப் பெரிய ஆட்டக்காரர்கள் கோடிகளை வைத்து ஆடுவதை நேரலையில் பார்ப்பார். தான் ஒரு காசு வைத்து ஆடியதில்லை, பார்ப்பதோடு சரி. போட்டி இந்த ஊருக்கு வந்தால் நேரில் போய்க் கால்கடுக்க நிற்பார். கூடவே அவரைப் போல நாலைந்து கிறுக்குகள்.

அவர் போய் வருஷம்கூடத் திரும்பவில்லை. இப்போது அம்மா!

“பணம் கினம் கட்டறியா?” என்று போனைப் பிடுங்கினான்.

ஆட்டத்துக்குக் கீழே ரசிகர்களின் அரட்டை ஓடிக்கொண்டிருந்தது.

‘டெய்லர் அண்ணே, நேத்து ஆளையே காணோம்?’

‘லேசா காய்ச்சல் தம்பி. இப்ப தேவலை.’

மகனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பாவின் பெயரில் அம்மா!

“என்னம்மா கூத்து இது?”

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “எல்லாம் முடிஞ்சு ஒருநாள் அவர் போனைத் திறந்தேன்டா. ‘டெய்லர் அண்ணனைக் காணோமே, காணோமே’ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. இனிமே வரமாட்டார்னு எழுத எனக்குக் கை வரலை. ‘வந்துட்டேன்’னு எழுதிட்டேன். அங்கேயாவது இருந்துட்டுப் போகட்டுமே.”

“செத்தவர் பேரை வச்சு நாலு பேரை ஏமாத்தறியே, அசிங்கமா இல்லை?”

அம்மா சார்ஜரை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

அடுத்த வாரமே போட்டி இந்த ஊருக்கு வந்தது. உண்மையைப் போட்டு உடைத்துவிடுவது என்று, அம்மாவிடம் சொல்லாமல் மகன் கிளம்பினான்.

பெரிய ஓட்டல் கூடம். கயிற்றுக்கு அந்தப் பக்கம் கறுப்புக் கண்ணாடி போட்ட ஆட்டக்காரர்கள், இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். இந்தப் பக்கம் ரசிகர் கூட்டம். வீட்டிலிருந்த படத்தில் அப்பாவின் தோளில் கைபோட்டு நின்ற லாரி டிரைவரை, மீசையை வைத்தே கண்டுபிடித்துவிட்டான்.

“சார், நான் டெய்லரோட மகன். ஒரு விஷயம்... அப்பா இப்ப இல்லை. இத்தனை நாளா உங்களுக்கு எழுதறது...”

“அம்மா. தெரியும் தம்பி.”

மகன் திருதிருவென்று விழித்தான்.

டிரைவர் மேஜையிலிருந்த ஒரு ஒல்லி ஆட்டக்காரனைக் காட்டினார். “அதோ, அவனுக்கு நாங்க வச்ச பேரு மௌனி. அவன் சீட்டைத் தொட்டாலே போதும், உங்கப்பா வண்டி வண்டியா திட்டுவாரு. திடீர்னு ஒருநாள் அவர் பேர்ல வருது: ‘பாவம், பிள்ளை முகமே வாடிக் கிடக்கு. ஏதாவது சாப்பிட்டானா?’ன்னு. எங்களுக்குப் புரியாதா? கடைப் பக்கம் போய் விசாரிச்சோம்.”

சொல்லிவிட்டு மீசையைத் தடவிக்கொண்டார்.

“அப்புறமும் ஏன் சார் தெரியாத மாதிரி தினமும் ‘அண்ணே, அண்ணே’ன்னு கூப்பிடறீங்க? அம்மாகிட்ட சொல்லியிருக்கலாமே?”

“சொல்லத்தான் இருந்தோம். அதுக்குள்ள உங்கப்பா எழுதற மாதிரியே அவங்க இன்னொண்ணு எழுதிட்டாங்க.”

டிரைவர் அவன் முகத்தைப் பார்க்காமல், ஆட்டத்தையே பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னார்.

“‘மகன் தங்கமானவன்தான், அவனுக்கு நேரமில்லை. வீட்டுல என் சம்சாரத்துக்குத்தான் நாள் பூரா ஒரு வார்த்தை பேச ஆளில்லை’ன்னு.”