என்கூடத்தான் இருக்கான்

ஞாயிறு தவறாமல் பைக்கில் ஊர் சுற்றும் அந்த நான்கு நண்பர்களுக்குள் ஓர் எழுதாத சட்டம் உண்டு. எவன் மனைவி போன் செய்து எதைக் கேட்டாலும், "என்கூடத்தான் இருக்கான்" என்று அடித்துச் சொல்லிவிட வேண்டும்.

அன்று விடியும்போதே மழை. இந்த வாரம் பயணம் வேண்டாம் என்று குரூப்பில் செய்தி வர, பார்த்தவர்கள் அவரவர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். நால்வரில் ஒருவனின் மனைவியிடமிருந்து போன் வந்தபோது, மெக்கானிக் நண்பன் கட்டிலில் புரண்டுகொண்டிருந்தான்.

"தம்பி, அவரு..."

"என்கூடத்தான் இருக்கான் அண்ணி! டீ குடிக்கிறான். கவலையே படாதீங்க."

பய எங்கேயோ கம்பி நீட்டிவிட்டான் என்று சிரித்தபடியே போனை வைத்தான்.

அடுத்தது கணக்கு வாத்தியார். துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நான் சொல்றதக் கொஞ்சம்..."

"இதோ, எனக்கு முன்னாடிதான் ஓட்டிட்டுப் போறான் அண்ணி. ஹெல்மெட் போட்டிருக்கான், கூப்பிட்டா காதுல விழாது."

அவள் தன் மடியிலிருந்த ஹெல்மெட்டைப் பார்த்தாள்.

மூன்றாவது ஆள் மருந்துக்கடைக்காரன். புளுகுவதில் பலே கில்லாடி. அவள் வாயைத் திறக்கும் முன்பே முந்திக்கொண்டான்.

"பக்கத்துலதான் அசந்து தூங்குறான் அண்ணி. எழுப்பட்டுமா?"

அவள் குரலில் ஏதோ ஓர் ஆசை எட்டிப்பார்த்தது.

"எழுப்புங்க தம்பி. நீங்க சொல்றதாவது நிஜமா இருக்கட்டும். குரூப்பப் பாக்காமலே கிளம்பினவரு, மழையில சறுக்கி விழுந்துட்டாரு. இங்க டாக்டரால எழுப்ப முடியல."