தாய்மாமன் மடி

பதினெட்டு லட்சம் கடன் போன வாரம் ஒரே கையெழுத்தில் தீர்ந்ததிலிருந்து சேவுகனுக்குத் தலைகால் புரியவில்லை. 'எனக்குள்ள உரிமைகள் அனைத்தையும் நிறுவனத்திடம் ஒப்படைக்கிறேன்' என்று பத்திரத்தில் ஒரு வரி இருந்தது. அரை சென்ட் நிலம்கூட இல்லாதவனுக்கு என்ன பெரிய உரிமை என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டிருந்தான்.

இன்று தங்கை மகள் நிறைமதிக்குக் காதுகுத்து. குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள மணையில் உட்காரப் போனவனைக் கடன் நிறுவனத்து ஆள் கைநீட்டித் தடுத்தான். அவனுக்குப் பின்னால் சீர்த்தட்டோடு ஒரு பணக்காரர் நின்றார்.

"சாருக்குக் கூடப்பொறந்த பொண்ணு இல்லைங்க. உங்க தாய்மாமன் உரிமைய எங்ககிட்ட வாங்கியிருக்காரு."

"அடப்பாவி! இதையெல்லாமாய்யா விப்பாங்க?"

"வித்தது நீங்கதான். இப்ப நீங்க உக்காந்தா பத்திரம் செல்லாது. பதினெட்டு லட்சமும் திரும்ப உங்க தலையில விடியும்."

சேவுகன் தங்கை பொன்னழகைப் பார்த்தான். வசூல்காரர்கள் அண்ணனை நடுத்தெருவில் சட்டையைப் பிடித்து இழுத்ததைக் கண்ணால் பார்த்தவள் அவள்.

"மாமா!" என்று ஓடிவந்து நிறைமதி அவன் காலைக் கட்டிக்கொண்டாள்.

பொன்னழகு குழந்தையைப் பிரித்தெடுத்தாள். அண்ணன் முகத்தை அவள் பார்க்கவில்லை.

"இவரு அங்கிள், பாப்பா. மாமா அந்தா நிக்கிறாரு பாரு."