பத்தரை கிலோ முள்ளம்பன்றி

காட்டில் வெள்ளம் வடிந்ததும் நிவாரணக் கிழங்கு கொடுக்க ஓர் அலுவலகம் திறந்தார்கள். கம்ப்யூட்டர் வேலை மரங்கொத்திக்கு. நாள் முழுக்கத் தட்ட அதைவிட்டால் ஆளில்லை.

மூன்று நாள் பட்டினியோடு முள்ளம்பன்றி வந்தது. தராசு பத்தரை கிலோ காட்டியது. மரங்கொத்தி பெயரையும் எடையையும் பதிந்துவிட்டு, திரையில் எடைப் பட்டியலைத் திறந்தது. ‘ஒன்று முதல் பத்து வரை’ என்பதைக் கொத்தியது. முள்ளம்பன்றியின் பெயர் வரவில்லை. ‘பதினொன்று முதல் இருபது வரை’ என்பதைக் கொத்தியது. அதிலும் இல்லை.

“நீங்க இந்தக் காட்டிலேயே இல்லீங்களே.”

“உங்க முன்னாடிதானே சார் நிக்கிறேன்!”

“நிக்கிறீங்க, நான் இல்லேங்கல. திரையில வரணுமில்ல?”

“பத்துக்கும் பதினொண்ணுக்கும் நடுவுல இருக்கேன் சார்.”

“நடுவுல ஆள் இருந்தா, பட்டியல் போட்டவங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?”

முள்ளம்பன்றி வாசலிலேயே இன்னும் இரண்டு நாள் பட்டினி கிடந்தது. சரியாகப் பத்து கிலோவுக்கு இளைத்ததும் பெயர் பளிச்சென்று வந்தது.

“பாத்தீங்களா, சிஸ்டத்தைக் குறையே சொல்ல முடியாது” என்று மரங்கொத்தி ஒரு கூடைக் கிழங்கை நகர்த்தியது.

முள்ளம்பன்றி வயிறாரத் தின்றது. மறுவாரக் கிழங்குக்கு வந்தபோது தராசு மறுபடியும் பத்தரை.

மரங்கொத்திக்கே பாவமாகிவிட்டது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னது:

“கிழங்கை வாங்கிக்குங்க, வேணாங்கல. அதைத் தின்னுட்டு வந்தா நான் என்னங்க பண்ண முடியும்?”